அலைமேல் ஏறிய கொடிகள்



உலகப் போட்டி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது அளவெடுத்து அமைத்த ஒரு மைதானம். ஓட்டப் பந்தயமாயின் தடம் உண்டு. டென்னிஸாயின் கோடும் வலையும் உண்டு. அங்கே போட்டியிடும் இருவர்க்கும் நிலம் ஒன்றே. அலைச்சறுக்குப் போட்டியின் மைதானமோ கடல். ஒருவருக்கு வாய்த்த அலை அடுத்தவருக்கு வாய்ப்பதில்லை. அலை எழும்பாவிடில் நாட்கணக்கில் கரையில் காத்திருக்க வேண்டும். இத்தகைய ஒன்றுக்கு உலக சாம்பியன் பட்டம் எவ்வாறு ஏற்பட்டது என்பது சுவையான வரலாறு. அவ்வரலாற்றின் ஊடே மற்றொரு வினாவும் தொடர்ந்து வருகிறது. பலகையின்மீது நிற்கும் வீரர் எந்த நாட்டின் பெயரால் நிற்கிறார் என்பதே அவ்வினா. இக்கலையை உலகுக்குத் தந்த மக்களுக்கே அதற்கு எளிய விடை கிடைத்ததில்லை.

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே சிதறிக் கிடக்கும் பாலினேசியத் தீவுகளே இவ்விளையாட்டின் பிறப்பிடம். ஐரோப்பியர் இதனை முதலில் கண்டு எழுதிவைத்தது தாஹிதித் தீவில். காப்டன் குக்கின் முதற் பயணத்தில் உடன் சென்ற தாவரவியல் அறிஞர் ஜோசப் பாங்க்ஸ், 1769-ஆம் ஆண்டில், பழைய ஓடமொன்றின் பின்பகுதியைப் பற்றிக்கொண்டு தீவு மக்கள் அலையில் விளையாடியதைத் தம் நாட்குறிப்பில் பதிந்தார். குக்கின் மூன்றாம் பயணத்தில், 1777-இல், கப்பல் மருத்துவரான வில்லியம் ஆண்டர்சன் அதே தீவில் வேறொரு காட்சியைக் கண்டார். சிறு ஓடம் ஒன்றில் அமர்ந்த ஒரு மனிதன், துடுப்பு வலித்துச் சென்று, எழும் அலைக்காகக் காத்திருந்து, அதன் முன்னே கரைவரை விரைந்து வந்தான். வந்தவன் மீண்டும் கடலை நோக்கித் திரும்பினான். அம்மனிதன் பெற்ற ஆனந்தத்தை ஆண்டர்சன் வியந்து எழுதியிருக்கிறார். அமர்ந்து துடுப்பு வலித்து அலையேறும் இம்முறையை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் அதற்கு நாம் திரும்பி வர வேண்டியிருக்கும்.

ஹவாய்த் தீவுகளில் இக்கலை உச்சநிலை எய்தியது. அம்மொழியில் இதன் பெயர் ‘ஹேஎ நாலு’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘அலை வழுக்கல்’ என்று ஆகும். அரசரும் குடிமக்களும், ஆடவரும் பெண்டிரும், அலையேறினர். ‘ஓலோ’ என்னும் நீண்ட பலகை தலைவர்களுக்கு உரியது. ‘அலையா’ என்னும் குறுகிய, மெல்லிய பலகை பொதுமக்கள் கையாண்டது. பலகை செய்ய மரம் வெட்டும்போது சடங்குகள் செய்தனர். போட்டிகளும் நடந்தன, பந்தயப் பொருளாக உடைமைகளை வைத்து ஆடினர். ஆகவே, அலைமீது போட்டி என்பது பிற்காலத்தார் கண்டுபிடித்த புதுமையன்று. அந்நாளில் எந்த நாட்டின் பெயரால் ஆடுவது என்ற கேள்வி மட்டும் எழவில்லை. அலையும் ஆடுபவரும் ஒரே நாட்டைச் சேர்ந்திருந்தமையால்.

1778-இல் குக்கின் கப்பல்கள் ஹவாயை அடைந்தன. அதன்பின் வந்த நூறாண்டு அம்மக்களுக்குப் பேரழிவாக முடிந்தது. தீவுகளில் அறியப்படாத நோய்கள் கப்பல்களோடு வந்திறங்கின. குக்கின் வருகைக்கு முன் சில இலட்சம் மக்கள் வாழ்ந்தனர் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிடுவர். 1890-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கிலோ, கலப்பு மரபினரையும் சேர்த்துச் சுமார் 40,000 பேரே இருந்தனர். 1819-இல் பழைய சமயக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. 1820-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் வந்து சேர்ந்தனர். அவர்கள் அலை விளையாட்டை விரும்பவில்லை என்பது உண்மை. எனினும் கலை நலிந்ததற்குத் தலையாய காரணம் பாதிரிமாரின் உபதேசமன்று. ஆடுவதற்கு ஆளில்லாமற் போனதே.

நலிந்ததேயன்றி அது மாயவில்லை. 1885-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் கல்வி பயின்ற ஹவாய் அரச குடும்பத்து இளவரசர் மூவர், சாந்தா குரூஸ் என்னும் ஊரின் ஆற்று முகத்துவாரத்தில், அவ்வூர்ச் செம்மரத்தில் பலகை செய்வித்து அலையேறினர். அமெரிக்கப் பெருநிலத்தில் அலைச்சறுக்கு நடந்ததற்கு இதுவே முதற் சான்று. அன்று அவர்கள் ஒரு சுதந்திர நாட்டின் இளவரசர்கள். எட்டு ஆண்டுகளே கழிந்தன. 1893 ஜனவரியில், அமெரிக்க வமிசத்து வணிகர் பலர் முன்னின்று நடத்திய சதியினாலும், அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கிய அச்சத்தினாலும், அரசி லிலியுஓக்கலானி ஆட்சியை இழந்தார். 1898-இல் ஹவாய் ஐக்கிய அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது. 1959-இல் அதன் மாநிலங்களுள் ஒன்றாயிற்று.

இந்த மாறுதல்களையெல்லாம் தம் வாழ்நாளில் கண்ட ஒருவரே உலக அலைச்சறுக்கின் தந்தை எனப் போற்றப்படுகிறார். அவர் டியூக் கஹானாமோக்கு. டியூக் என்பது பட்டமன்று; பெயரே. 1869-இல் எடின்பரோ கோமகன் ஹவாய்க்கு வந்த ஆண்டில் பிறந்த அவர் தந்தைக்கு இட்ட பெயர் மகனுக்கும் வழங்கியது. 1890 ஆகஸ்டில் அவர் பிறந்தபோது அந்நாட்டில் மன்னர் கலாக்காவா ஆண்டுகொண்டிருந்தார். எட்டு வயது நிரம்பும் தறுவாயில், அரண்மனையின்மீது ஹவாய்க் கொடி இறங்கி அமெரிக்கக் கொடி ஏறியது.

வைக்கீக்கி என்னும் கடற்கரையில் வளர்ந்த கஹானாமோக்கு நீச்சலில் ஈடிணையற்றவர். 1911-இல் ஹொனலூலு துறைமுகத்தில் 100 கெஜத்தை 55.4 வினாடியில் நீந்தி, அதுவரை இருந்த உலகச் சாதனையை 4.6 வினாடி குறைத்தார். அமெரிக்க நிலப்பகுதியில் இருந்த அதிகாரிகள் அதனை நம்ப மறுத்து ஏற்காது விட்டனர். அடுத்த ஆண்டே ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயத்தில் 100 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்று அவர்களுக்கு விடையளித்தார். 1920-இல் ஆன்ட்வெர்ப் நகரிலும் தங்கம் பெற்றார். இவையாவும் அமெரிக்கக் கொடியின் கீழ்ப் பெற்றவை. அலைச்சறுக்கும் ஒருநாள் ஒலிம்பிக்கில் இடம்பெற வேண்டும் என்று அவர் 1912-லேயே விரும்பியதாக அலைச்சறுக்கு உலகில் வழங்கி வருகிறது. அவ்விருப்பம் நிறைவேற நூறாண்டுக்கு மேலாயிற்று.

புகழ் பெற்ற நீச்சல் வீரரைத் தம் நாட்டுக்கு அழைத்தனர் ஆஸ்திரேலியர். 1914 டிசம்பரில், சிட்னி நகரை அடுத்த பிரெஷ்வாட்டர் கடற்கரையில், உள்ளூரில் வாங்கிய பைன் மரத்தில் தாமே பலகை செதுக்கி அவர் அலையேறிக் காட்டினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், ஐசபெல் லெதம் என்னும் பதினைந்து வயதுச் சிறுமியைத் தம் பலகையில் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்பலகை இன்றும் அக்கடற்கரைச் சங்கத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் இதற்கு முன்னும் சிலர் பலகையேறியதுண்டு; ஆயினும் நாடெங்கும் ஆர்வம் பரவியது அவர் வருகைக்குப் பின்னரே. 1907-இல் ஹவாயிலிருந்து கலிபோர்னியாவுக்குச் சென்ற ஜார்ஜ் பிரீத் அங்கும், 1942-இல் லீமா நகரில் சங்கம் நிறுவிய கார்லோஸ் தோக்னி பெரு நாட்டிலும், இதே பணியைச் செய்தனர். தோக்னி ஹவாயில் பயின்று வந்தவர். தம் சங்கத்துக்கு அவர் இட்ட பெயரும் வைக்கீக்கி.

விதை பரவியதும் போட்டிகள் தோன்றின. 1928-இல் கலிபோர்னியாவில் பசிபிக் கடற்கரை சாம்பியன் பட்டத்துக்காக நடந்த போட்டியில் டாம் பிளேக் வென்றார். பலகையின் அடியில் மீன்துடுப்புப் போன்ற ஒரு சிறகைப் பொருத்தி, அது நேரே செல்லுமாறு செய்தவரும் இவரே. 1954 முதல் ஹவாயின் மக்காஹா கடற்கரையில் ஆண்டுதோறும் சர்வதேசப் போட்டி நடந்தது. உலகப் பட்டம் என்று பெயரிடாவிடினும் வீரர்கள் அதனை அவ்வாறே மதித்தனர். 1962-63 பருவத்தில் அங்கே பெர்னார்டு பாரெல்லி என்ற ஆஸ்திரேலிய இளைஞர் வென்றபோது, தலைமைப் பட்டம் முதன்முறையாக ஆஸ்திரேலியருக்குக் கிட்டியது.

அவ்வெற்றியின் எழுச்சியில், 1964 மே மாதம் சிட்னியின் மான்லி கடற்கரையில் முதல் உலக அலைச்சறுக்கு சாம்பியன் போட்டி கூடியது. அறுபதாயிரம் பேர் கரையில் திரண்டதாக அந்நாளையச் செய்திகள் கூறின. ஆடவரில் பாரெல்லியும் மகளிரில் பில்லிஸ் ஓடானலும் பட்டம் பெற்றனர். இருவரும் ஆஸ்திரேலியர். ஹவாயைச் சேர்ந்த ஜோயி காபெல் மூன்றாம் இடத்துக்கு இறங்கினார். ஒருவர் ஏறிய அலையில் மற்றவர் குறுக்கே புகுவது மக்காஹாவில் பெரிய குற்றமாகக் கொள்ளப்படவில்லை. மான்லியில் அதற்கு மதிப்பெண் குறைத்தனர். ஒரு கரையின் வழக்கம் வேறு, மறு கரையின் விதி வேறு. உலகப் போட்டி என்றால் எல்லார்க்கும் பொதுவான விதி வேண்டும். அவ்விதியை வகுப்பவர் கலை பிறந்த ஊரினராக இருக்க வேண்டியதில்லை என்பதை மான்லி உணர்த்தியது.

அதே ஆண்டில் பெரு நாட்டு எதுவார்தோ அரீனாவைத் தலைவராகக் கொண்டு சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்று உருவாயிற்று. 1965-இல் பெருவில் பெலிப்பே பொமார், 1966-இல் கலிபோர்னியாவில் நாட் யங், 1968-இல் போர்ட்டோ ரிக்கோவில் பிரெட் ஹெம்மிங்ஸ், 1970-இல் ஆஸ்திரேலியாவில் ரால்ப் ஆர்னஸ், 1972-இல் மீண்டும் கலிபோர்னியாவில் ஜிம் பிளியர்ஸ் ஆகியோர் ஆடவர் பட்டம் பெற்றனர். ஹெம்மிங்ஸும் பிளியர்ஸும், மகளிரில் 1970, 1972 ஆகிய இரு முறையும் வென்ற ஷாரன் வெபரும் ஹவாயிலிருந்து வந்தவர்கள்.

போட்டிகள் பெருகியபோது, கடற்கரை யாருக்கு உரியது என்ற கசப்பான கேள்வியும் எழுந்தது. 1970-களின் தொடக்கத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த போட்டிக்கு எட்டி ஐக்கௌ என்னும் ஹவாய் வீரர் சென்றார். பேரலைகளில் உயிர் காக்கும் காவலராகப் பணியாற்றியவர் அவர். அங்கே அவர் நிறத்தைக் கண்டு விடுதியில் இடமளிக்க மறுத்தனர். வெள்ளையர்க்கு ஒதுக்கப்பட்ட கரைகளில் மற்றவர் கால்வைப்பது அந்நாளில் அங்குச் சட்டவிரோதம். அலைச்சறுக்கை உலகுக்கு அளித்த இனத்தைச் சேர்ந்தவர், அக்கலையின் போட்டிக்கே வந்த இடத்தில், கடலருகே நிற்க அருகதையற்றவராகக் கருதப்பட்டார்.

ஐக்கௌவின் முடிவு ஹவாய் மக்கள் மறவாத நிகழ்ச்சி. முன்னோர் முறைப்படி கட்டிய ஹோக்குலேயா என்ற இரட்டையுடல் பாய்க்கப்பல், 1978 மார்ச்சில் தாஹிதிக்குப் புறப்பட்ட இரவிலேயே புயலில் கவிழ்ந்தது. உதவி தேடித் தம் பலகையில் தனியே கை வலித்துச் சென்ற ஐக்கௌ திரும்பவில்லை. மற்ற மாலுமிகள் மீட்கப்பட்டனர். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்து, 1983, 1984 ஆகிய ஆண்டுகளின் உலக சாம்பியனான ஆஸ்திரேலியர் டாம் கேரல், 1985-இல் அந்நாட்டுப் போட்டிகளைப் புறக்கணித்தார். புள்ளிகளை இழந்தும் அவர் தம் முடிவை மாற்றவில்லை.

இதனிடையே, தாஹிதியில் ஆண்டர்சன் கண்ட அமர்ந்தோடும் முறையும் தன் வழியே வளர்ந்து வந்தது. பெரு நாட்டு ஹுவாஞ்சாக்கோ மீனவர்கள் கோரைப்புல்லைக் கட்டிச் செய்த சிறு தோணியில், பிளந்த மூங்கிலைத் துடுப்பாகக் கொண்டு, அலையேறிக் கரை திரும்புவது நெடுங்கால வழக்கம். ஆஸ்திரேலியாவில், மான்லியைச் சேர்ந்த கிராக்கந்தார்ப் என்ற மருத்துவர், 1933-இல் இருபுறத் துடுப்போடு கூடிய ‘சர்ப் ஸ்கீ’ என்னும் மிதவையைப் பதிவு செய்தார். அது பின்னாளில் குறுகி, இருக்கையும் இடுப்பு வாரும் கால்வாரும் அடிச்சிறகும் பெற்று ‘வேவ்ஸ்கீ’ ஆயிற்று. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, பிரான்சு, அமெரிக்கா முதலிய நாட்டினர் கூடும் உலகப் போட்டிகள் அதற்கும் தனியே நடந்து வருகின்றன. நின்று செல்வோர் சிலர் இதனைக் குறைவாக எண்ணுவதுண்டு. ஆனால் 2015-இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில், உடற்குறையுடையோர்க்கான முதல் உலக அலைச்சறுக்குப் போட்டி தொடங்கியபின் அவ்வெண்ணம் வலுவிழந்தது. கால்கள் இயங்காதவர்கள் வேவ்ஸ்கீயில் அமர்ந்து துடுப்பு வலித்துத் தம் நாட்டுக்காகப் போட்டியிடும் தனிப் பிரிவு இப்பொழுது உண்டு.

1972-க்குப் பின் தளர்ந்த பழைய கூட்டமைப்பின் இடத்தில், 1976-இல் சர்வதேச அலைச்சறுக்குச் சங்கம் அமைந்தது. இதன் போட்டிகள் தொடங்கும்போது அழகியதொரு சடங்கு நடைபெறும். ஒவ்வொரு நாட்டினரும் தம் கரையின் மணலைக் கொண்டுவந்து ஒரே கண்ணாடிப் பேழையில் கொட்டுவர். இச்சங்கத்தின் இளையோர் போட்டிகளில் ஹவாய் தனி அணியாகத் தன் மணலோடும் கொடியோடும் வந்திருக்கிறது. தொழில்முறைப் போட்டிகளிலும் ஹவாய் வீரரின் பெயருக்கு எதிரே ஹவாய்க் கொடியே காணப்படும். அரசியலில் மறைந்த ஒரு நாடு அலைச்சறுக்கில் மட்டும் பட்டியலில் எஞ்சியிருந்தது.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த பெர்னாண்டோ அகேர்ரே 1994 முதல் இச்சங்கத்தின் தலைவராக இருந்து முயன்றதன் பயனாக, 2016-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அலைச்சறுக்கை ஏற்றுக்கொண்டது. 2020-க்குரிய தோக்கியோ ஒலிம்பிக், கொள்ளைநோய் காரணமாக 2021 ஜூலையில் நடைபெற்றது. ஸுரிகாசாக்கி கடற்கரையில் ஆடவர் 20 பேரும் மகளிர் 20 பேரும் போட்டியிட்டனர். நடுவர் ஐவர் ஒவ்வோர் அலைக்கும் பத்துக்கு மதிப்பெண் இடுவர். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி எஞ்சிய மூன்றின் சராசரியைக் கொள்வர். ஒருவரின் சிறந்த இரண்டு அலைகளே கணக்கில் சேரும். கடலின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்ய மனிதர் கண்ட வழி இது.

அங்கே ஆடவரில் பிரேசிலின் இத்தாலோ பெரேராவும், மகளிரில் கரிஸா மூரும் தங்கம் வென்றனர். கரிஸா மூர் ஹொனலூலுவில் பிறந்தவர்; ஹவாய்ப் பூர்வகுடி மரபினர். தொழில்முறைப் போட்டிகளில் ஹவாய்க் கொடி பொறித்த சட்டை அணிந்தவர், ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கொடியின் கீழேதான் நிற்க முடிந்தது. ஒலிம்பிக் குழுவின் பட்டியலில் ஹவாய் என்றொரு நாடு இல்லை.

கொடி மாறுவது எல்லோர்க்கும் ஒரே வகையாக அமைவதில்லை என்பதையும் இங்கே காண்கிறோம். ஆடவரில் வெள்ளிப் பதக்கம் பெற்ற கனோவா இகராஷி, ஜப்பானியப் பெற்றோர்க்குக் கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோரின் நாட்டுக்காக ஆடினார். 2024-இல் மகளிரில் வெள்ளி பெற்ற தாதியானா வெஸ்டன்-வெப், பிரேசிலில் பிறந்து ஹவாயில் வளர்ந்தவர். பிறந்த நாட்டைத் தேர்ந்தார். பிறந்த ஊர் ஒன்றும் வாழும் ஊர் ஒன்றுமாக உள்ளவர்க்கு இத்தேர்வின் கனம் விளங்கும். இவ்விருவர்க்கும் தேர்ந்தெடுக்க இரண்டு கொடிகள் இருந்தன. ஹவாய்ப் பூர்வகுடியினர்க்கு அத்தகைய தேர்வு இல்லை.

2024-ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக்கில் அலைச்சறுக்குப் போட்டி பாரிஸிலிருந்து சுமார் 15,700 கிலோமீட்டர் தொலைவில், தாஹிதியின் தெயாஹுப்போ என்னும் ஊரில் நடந்தது. பாங்க்ஸும் ஆண்டர்சனும் அலை விளையாட்டைக் கண்ட அதே தீவு. நடுவர்க்காகப் பவளப்பாறைமேல் புதிய உலோகக் கோபுரம் எழுப்பும் திட்டத்தை ஊர்மக்கள் எதிர்த்தனர். 2023 டிசம்பரில், வேலைக்கு வந்த மிதவை பவளத்தைச் சிதைத்தது. அதன்பின் பணியை மாற்றியமைக்க நேர்ந்தது. போட்டியில் ஆடவர் தங்கத்தை வென்றவர் தாஹிதித் தீவின் மைந்தரான கவுலி வாஸ்த். தம் அலையில், தம் மக்கள் முன்னிலையில் அவர் வென்றார். ஏறியது பிரான்சின் மூவர்ணக் கொடி.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஒரு சிறு பங்கு உண்டு. மரங்களைப் பிணைத்துச் செய்யும் நம் மீனவரின் கட்டுமரம் அலையைக் கடந்து சென்று அலையோடு கரையேறுவது. ‘கட்டுமரம்’ என்னும் அச்சொல் ஆங்கிலத்தில் புகுந்து இன்று இரட்டையுடல் கலங்களையெல்லாம் குறிக்கிறது. ஹோக்குலேயா போன்ற பாலினேசியக் கப்பல்களையும் உலகம் அச்சொல்லாலேயே வருணிக்கிறது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன் போட்டி மாமல்லபுரத்தில் நடைபெற்றது. அதில் கருநாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று, ஆசியப் போட்டியில் தனிப் பதக்கம் பெற்ற முதல் இந்தியரானார். அவருக்குத் தமிழ்க் கரையும் சொந்தக் கரையே. கொடியைப் பற்றிய ஐயம் அவருக்கு எழவில்லை.

உலகப் போட்டி என்பது நாடுகள் கூடும் கூட்டம். ஆகவே அங்கே நாடு என்று எழுதப்பட்டிருப்பதே இடம்பெறும். அலைச்சறுக்கின் கதையோ நாடிழந்த ஒரு மக்கள் தம் கலையை இழக்காமல் காத்த கதை. கஹானாமோக்கு 1968-இல் மறைந்தார். வைக்கீக்கியில் அவர் உருவச்சிலை இன்று நிற்கிறது. வருவோர் அதன் நீட்டிய கைகளில் மலர்மாலைகளைத் தொங்கவிடுகின்றனர். பதக்கப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே அமெரிக்கா என்றே அச்சிடப்பட்டிருக்கும். அது பிழையன்று. ஆனால் அவர் கதையை நாம் மற்றவர்க்குச் சொல்லும்போது, அவர் பிறந்த ஆண்டில் ஹவாய்க்கு ஓர் அரசர் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வோமாக.